மலையடி வீட்டு மஞ்சள் புள்ளி

அந்த யோசனை எனக்கு வந்தது சென்னையில், அலுவலகத்துச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. சுவர் முழுக்கத் திரை, திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் நான் போயே இராத ஏதோ ஒரு குளிர்நாட்டில், ஏதோ ஒரு கிடங்கின் கூரையில் இருக்கும் வயர்லெஸ் கருவி. அவை உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்கு ஒரு புள்ளி சிவந்தது. நான் டப்பாவை மூடுவதற்குள் பக்கத்து மேஜைக்காரன் அந்த நாட்டுக்குப் போன் போட்டுவிட்டான்.

அதே நேரத்தில் என் போனும் அடித்தது. காதர் அண்ணாச்சி. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த ரஹ்மத்தின் வாப்பா. வளைகுடாவில் பல வருஷம் கேபிள் இழுத்துவிட்டு ஊர் திரும்பியவர். திருநெல்வேலி டவுணிலிருந்து தாமிரபரணிக் கரையோடு மேற்கே மலையடிவாரம் வரை, கம்பி போகாத ஊர்களுக்குக் கூரைக்குக் கூரை ரேடியோ டப்பா வைத்து இன்டர்நெட் கொடுக்கிறார்.

"ஏம்மா, ஒரு டப்பா செத்துப்போச்சுன்னா அது அதுவாச் சொல்லுதாப்ல ஏதும் இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி. இப்ப எப்படித் தெரிஞ்சுக்கிறீங்க?"

"ஆளுக போன் போட்டு ஏசுவாக. அதான் நம்ம சிஸ்டம்" என்று சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது.

போன மாதம் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு அம்மா இறந்துபோனார். மகன் வளைகுடாவில். அந்த ஊர் டப்பா முந்தின நாளே செத்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. சாவு வீட்டில் யார் நெட் இல்லை என்று போன் போட்டு ஏசுவார்கள்? அடக்கம் முடிந்த பிறகுதான் அண்ணாச்சிக்குத் தகவல் வந்தது. அந்த மகன் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. "அவன் ஒரு வார்த்த ஏசல. ஏசியிருந்தாம்னா எனக்கு ஆறியிருக்கும்" என்றார் அண்ணாச்சி.

இப்போது மலையடியில் இன்னொரு வீடு. பரமசிவம் என்கிற பெரியவர் படுத்த படுக்கை. டாக்டர் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார். மகன் வேலுவும் வளைகுடாவில்தான், தம்மாமில். கம்பெனி லீவு தரவில்லை. அந்த ஊரில் எந்த செல்போன் சிக்னலும் வீட்டுக்குள் எட்டாது. அண்ணாச்சியின் டப்பா ஒன்றுதான் வழி. வேலு தினமும் அண்ணாச்சிக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறானாம்: "அண்ணாச்சி, லைன் இருக்கா?"

நான் சுவரைப் பார்த்தேன். யாரோ ஒரு முதலாளியின் கிடங்குக்கு இவ்வளவு கண்கள். அண்ணாச்சியின் டப்பாக்களுக்கும் இதே மாதிரி ஒரு புள்ளிப் படம் போட்டுவிடலாம் என்று தோன்றியது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன்.

ஜங்ஷனில் இறங்கியதும் பசித்தது. மேலப்பாளையத்தில் அண்ணாச்சி வீட்டில் ரஹ்மத்தின் உம்மா இடியாப்பமும் ஆணம் என்கிற கறிக்குழம்பும் வைத்துவிட்டு, நான் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொரு இடியாப்பம் போட்டார். ரஹ்மத் இப்போது கல்யாணமாகி துபாயில். "அவ பேசும்போதும் படம் நின்னு நின்னுதாம்மா வருது. அதையும் பைய பாத்துட்டுப் போ" என்றார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஆற்றுத் தண்ணீர். கேன் தண்ணீரே குடித்து வளர்ந்த எனக்கு, தண்ணீருக்கென்று ஒரு ருசி இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

டவுணில் ரத வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடி அண்ணாச்சியின் கடை. கீழே எங்கிருந்தோ அல்வா கிண்டும் நெய் வாசம் ஏறி வருகிறது. நாள் முழுக்க அந்த வாசத்தில் உட்கார்ந்திருந்தால் பசிக்கிறதா திகட்டுகிறதா என்றே தெரியவில்லை. ஒரு பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து எடுத்தேன். அதற்கு நான் கொடுத்த வேலை எளிது. நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு டப்பாவையும் கூப்பிட்டு, இருக்கிறாயா என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் படத்தில் பச்சை. வராவிட்டால் சிவப்பு, கூடவே எங்கள் மூன்று பேர் போனிலும் மணி. முக்கியமான டப்பாக்களில் கரண்ட் போனால் தாக்குப்பிடிக்க ஒரு சின்ன பேட்டரியும் வைப்பதாகத் திட்டம். பேட்டரியில் ஓடும்போது புள்ளி மஞ்சளாகும்.

மூன்றாவது ஆள் இசக்கி. டப்பா ஏற்றி இறக்குகிறவன். என் வயதுதான் இருக்கும். என் பையைப் பார்த்துவிட்டு, "மெட்ராஸ்காரவுக ஏணி ஏறுவியளா, இல்ல படம் மட்டும் பாப்பியளா?" என்றான்.

"ஏணி ஏறுவேன். உங்க பைக்ல ஏறத்தான் பயமா இருக்கு" என்றேன்.

பயம் வீண்போகவில்லை. சேரன்மகாதேவி தாண்டி வண்டி நின்றுவிட்டது. மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, ஏணியோடு பஸ்ஸை நிறுத்தினோம். கண்டக்டர் ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இசக்கியைப் பார்த்தார்.

"ஏலே, இது எங்கன எறங்குது?"

"எங்ககூடத்தாம்ணே."

"அப்பம் அதுக்கும் சேத்து நீ நில்லு. அந்தப் புள்ளய உக்கார விடு."

ஜன்னலுக்கு ஒரு பக்கம் வாழைத் தோட்டம், மறுபக்கம் கால்வாய், தூரத்தில் மலை. சென்னையில் கரண்ட் கம்பம் இல்லாத ஒரு சதுர அடி கிடைக்காது. இங்கே அடுத்த டப்பாவைக் கண்ணால் தேட வேண்டும். ஒரு அரிசி ஆலைக் கூரை, அங்கிருந்து ஒரு தண்ணீர்த் தொட்டி, அங்கிருந்து ஒரு கல்யாண மண்டபம். ஒன்றை ஒன்று பார்த்தபடி ஆற்றோடு மேற்கே போகின்றன. நடுவில் ஒரு தென்னை வளர்ந்து மட்டை குறுக்கே வந்தால் போதும், அதற்கப்பால் உள்ள ஊர்களெல்லாம் இருட்டு. மண்டபத்துச் சமையல்காரர் எங்களைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். யார் கல்யாணம் என்று தெரியாமலே சொதியும் இஞ்சிப் பச்சடியும் சாப்பிட்டேன். "மொய் எழுதாம வந்தமே" என்றேன். "மேல டப்பா ஓடுதுல்லா, அதான் மொய்" என்றான் இசக்கி.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி பரமசிவம் வீட்டு மொட்டைமாடி. கீழே இருக்கும் ஊரிலிருந்து வருவதை வாங்கிச் சுற்றியுள்ள வீடுகளின் குட்டி டப்பாக்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அங்கே இருக்கும் டப்பாதான்.

பெரியவர் கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தார். போர்வைக்கு வெளியே தெரிந்தது முகமும், இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட நரைத்த மீசையும்தான். அவர் மனைவி பேச்சியம்மாள் எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். நான் சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்த வீட்டில் ஆட்டம் இல்லாத, தீப்பொறி தட்டாத, மூன்று முனையும் ஒழுங்காகக் குத்துகிற சாக்கெட் ஒன்றே ஒன்றுதான், கூடத்தில். டப்பாவின் வயரை அதில் குத்தினேன். பேட்டரி வைத்தேன். போனில் படத்தைப் பார்த்தேன். பச்சை.

சாயங்காலம் வேலு வீடியோவில் வந்தான். நீலச் சட்டை, தலையில் துண்டு. "யப்பா, சாப்பிட்டியளா?" என்றான். பெரியவர் பேசவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இமை மட்டும் அசைந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. வைக்கும்முன் என்னிடம், "அக்கா, லைன் போகாதுல்லா?" என்றான்.

"போனாலும் ஒரு நிமிஷத்துல எங்களுக்குத் தெரிஞ்சிரும்" என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

அதற்கப்புறம் மஞ்சள் தொடங்கியது. பள்ளத்தாக்கில் கரண்ட் போவதும் வருவதும் காற்று அடிப்பது மாதிரி. ஒரு ஊரில் போகும், வரும். அடுத்த ஊரில் போகும். ஒவ்வொன்றுக்கும் மூன்று போன்களும் கத்தின. அண்ணாச்சி தொழப் போன இடத்தில் கத்தியது. இசக்கி தண்ணீர்த் தொட்டி உச்சியில் இருக்கும்போது கத்தியது.

"ஏம்மா, உம் படத்துக்கு மஞ்சக்காமால வந்திருக்கு. கீழாநெல்லி அரைச்சுக் குடுப்பமா?" என்றார் அண்ணாச்சி.

சென்னையில் நான் பார்க்கும் கிடங்குகளில் கரண்ட் போவது ஒரு சம்பவம். இங்கே அது தினப்படி. மஞ்சளுக்கு மணி வேண்டாம், சிவப்புக்கு மட்டும் போதும் என்று மாற்றினேன். அமைதியானது. அண்ணாச்சி ஒரு வாழை இலைத் துண்டில் அல்வா வாங்கி வந்து கொடுத்தார். கையில் ஒட்டிய நெய்யைத் துடைக்காமலே மற்ற டப்பாக்களின் சூடு, சிக்னல் பலம் எல்லாம் படத்தில் வரும்படி எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கடையில் உட்கார்ந்திருக்கும்போது மூன்று போன்களும் சேர்ந்து அடித்தன. சிவப்பு. மலையடி வீடு. அந்த ஊரின் மற்றப் புள்ளிகளும் அதன் பின்னாலேயே சிவந்தன.

அண்ணாச்சி சட்டைப் பித்தானைப் போட்டபடியே படியிறங்கினார். அவர் காரில் மூன்று பேரும் கிளம்பினோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் இசக்கியின் போன் அடித்தது. வேலு.

"அண்ணே, அப்பா போயிட்டாவ." குரல் தெளிவாகக் கேட்டது. "விடியக்காலம். மாமா ரோட்டுக்கு வந்து போன் போட்டுட்டு மெசேஜும் அனுப்பியிருக்காவ. எனக்கு சைட்ல போன் எடுக்க விடல, இப்பந்தான் பாத்தேன். வீட்டுக்கு அடிச்சா லைன் இல்லண்ணே. உச்சிக்கு முந்தி எடுத்திருவாகளாம்."

இசக்கி என்னைப் பார்த்தான். நான் கேட்டைப் பார்த்தேன். அண்ணாச்சி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அரபியில் ஏதோ முணுமுணுத்தார். என் காதுக்கு அது ஒரு பிரார்த்தனை, துஆ போலக் கேட்டது.

தெருமுனையிலேயே பறைச் சத்தம் கேட்டது. வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கட்டில் இருந்த இடத்தில் கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டி. அதற்குள் பெரியவர். பெட்டியிலிருந்து தடித்த வயர் ஒன்று தரையோடு போய் அந்தச் சாக்கெட்டில் குத்தியிருந்தது. எங்கள் பிளக் பக்கத்தில் தரையில் கிடந்தது, யாரோ மிதித்த மாலைப் பூவோடு.

யாரும் தப்பு செய்யவில்லை. அந்த வீட்டில் நம்பகமான சாக்கெட் அது ஒன்றுதான். நானும் அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டி கொண்டுவந்த பந்தல்காரரும் அதனால்தான்.

நான் குனிந்ததும் அவரே ஓடி வந்தார். "யம்மா யம்மா, அதுல கை வச்சிராதிய. பெட்டி இப்பந்தான் குளுந்திருக்கு."

கூடத்தில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். பேச்சியம்மாளின் தம்பி, வேலு சொன்ன மாமா, எழுந்து வந்தார். "யாருவே இந்தப் புள்ள? சாவு வீட்டுல வந்து பிளக்கப் புடுங்குது?"

"நெட்டுக்காரவுக மாமா" என்றான் இசக்கி. "வேலு மொகம் பாக்கணும்லா."

"மொகம் பாக்கணும்னா வந்திருக்கணும்வே. போன் வழியாவா கொள்ளி வப்பான்?"

அழுகை நின்றுவிட்டது. பேச்சியம்மாள் தலைமாட்டிலிருந்து எழுந்தார். "அவன் வரமாட்டேன்னா சொன்னான்? பாஸ்போட்ட கம்பெனிக்காரம்லா பூட்டி வச்சிருக்கான்." தம்பியிடம் அவ்வளவுதான். என் பக்கம் திரும்பினார். "தாயீ, அந்த ஒயர எங்கன குத்தணும்?"

எதிர் வீட்டிலிருந்து கரண்ட் எடுக்கலாம் என்றேன். எதிர் வீட்டுப் பெண் ஒன்றும் கேட்காமல் கதவை விரியத் திறந்துவிட்டார். அண்ணாச்சி கார் டிக்கியிலிருந்து வயர் சுருளை எடுத்தார். தெருவுக்குக் குறுக்கே, பறையடிக்கிறவர்களின் தலைக்கு மேலாக வயரைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பந்தல்காரர் தன் மூங்கில் ஒன்றை உருவிக் கொண்டுவந்து வயரைத் தூக்கிக் கட்டினார். இசக்கி மாடியில். நான் கீழே தெருவில், செல் சிக்னல் கொஞ்சம் எட்டுகிற இடமாகத் தேடி, போனில் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிவப்பு. சிவப்பு. டப்பா முழித்துக் கீழ் ஊர் டப்பாவைத் தேடிப் பிடிக்க நேரம் எடுக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் திரையை விரலால் இழுத்து இழுத்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன்.

பச்சை.

வேலு ஒரு கன்டெய்னர் நிழலில் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் வெயில். பேச்சியம்மாள் போனைப் பெட்டிக்கு மேலே பிடித்தார்.

"தெரியலியேம்மா" என்றான் வேலு.

கண்ணாடிக்கு மேல் தண்ணீர் கோத்திருந்தது. ஒரு பெண் முந்தானையால் துடைத்தாள். ஒரு நொடி தெரிந்தது. கூட்டத்தின் மூச்சில் மறுபடி மூடிக்கொண்டது. மறுபடி துடைத்தாள்.

"தெரியலம்மா. வெள்ளையாத்தாம் இருக்கு."

இத்தனை கூரை தாண்டி, கடல் தாண்டி வந்த அவன் பார்வை ஒரு கண்ணாடியில் வந்து நின்றுவிட்டது. அதற்கு என் படத்தில் நிறம் கிடையாது.

யாரும் எதிர்பார்க்காமல் மாமா முன்னால் வந்தார். "மூடியத் தொறங்கலே" என்றார். பந்தல்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "தொறவே. குளுரு போனாப் போட்டும்."

மூடியைத் தூக்கி அப்புறம் வைத்தார்கள். பேச்சியம்மாள் போனைக் கிட்டே கொண்டுபோனார். வேலு பார்த்தான். முகம் அசையவே இல்லை. லைன் நின்றுவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. அவன் தலைத்துண்டின் நுனி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"மீசைய யாரு ஒதுக்கினது?" என்றான்.

பேச்சியம்மாள் தம்பியைப் பார்த்தார்.

"நாந்தான் மருமவனே" என்றார் மாமா. "சவரம் பண்ணுதப்பம் ஒரு பக்கம் எறங்கிட்டு. அப்புறம் மறுபக்கமும் சரி பண்ணினேன்."

"சரி மாமா." கொஞ்சம் கழித்து, "நீங்கதான கொள்ளி வக்கிய?"

மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். வேலுவுக்கு அது தெரியாது என்று பேச்சியம்மாள் போனை அவர் பக்கம் திருப்பினார். அவர் இன்னொரு தடவை தலையாட்டினார்.

எடுக்கும்போது பெண்கள் தெரு முக்கு வரைக்கும் போனார்கள். நானும் போனேன். அதற்கு மேல் ஆண்கள் மட்டும். பேச்சியம்மாள் போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டே நின்றார். வாழைத் தோட்டத்துக்குள் திரும்பும்வரை தெரிந்தது. "போதும்மா. வெயிலு. உள்ள போ" என்று வேலுவின் குரல் வந்தது. அவர் கை இறங்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்தான் பைய இறக்கிவிட்டாள்.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். அது எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தது. பெட்டி வந்து பிளக்கைப் பிடுங்கிய நேரத்திலிருந்து அந்த வீடு மஞ்சள். பேட்டரி தீரும்வரை மஞ்சள். அவ்வளவு நேரமும் லைன் இருந்திருக்கிறது. தம்மாமில் வேலுவின் போன் அவன் கையில் இல்லை. அவன் கைக்குப் போன் வந்தபோது லைன் இல்லை. அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. எதிர் வீட்டு டப்பாவுக்குப் பேட்டரியே கிடையாது. அது அத்தனை நேரமும் பச்சையாக இருந்திருக்கிறது. அதாவது ஊரில் கரண்ட் இருந்திருக்கிறது. கரண்ட் உள்ள ஊரில் ஒரு வீடு மட்டும் மஞ்சள் என்றால் அங்கே யாரோ பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். அதைப் படிக்கத் தெரிந்திருந்தால் அவன் கேட்பதற்கு முன்பே போய் நின்றிருப்போம். நான் மஞ்சளின் வாயை அடைத்திருந்தேன்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "மொகம் பாத்துட்டாம்லா" என்றார். சமாதானமாகவும் இருந்தது, கேள்வியாகவும் இருந்தது. முகத்தைப் பார்த்தான். கைக்குப் போன் வந்த நிமிஷத்திலிருந்து தாய்க்குப் பக்கத்தில் அவன் இருந்திருக்கலாம். அது இல்லை.

புது விதி எழுதிவிட்டேன். பக்கத்து வீடுகள் பச்சையாக இருந்து ஒரு வீடு மட்டும் மஞ்சளானால், மூன்று போனும் அடிக்கும். ஆனால் விதி எழுதும்போதே தெரிந்தது, அதுவும் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். எனக்கு அதற்கும் முன்னால் தெரிய வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டில் சாவு என்றால் சொந்தக்காரர்கள் பலருக்கு முன்னால் தகவல் போகிற ஒரு ஆள் இருக்கிறார். அவரை நான் மூங்கிலோடு தெருவில் பார்த்துவிட்டேன்.

பந்தல்காரருக்குப் போன் போட்டேன். பெட்டியை வண்டியில் ஏற்றும்போது எங்களுக்கும் ஒரு போன் போட முடியுமா, எங்கள் ஊர்களாக இருந்தால் மட்டும், என்றேன். எங்கள் பேட்டரி ஒன்றையும் உங்கள் வண்டியிலேயே வைத்துவிடுகிறோம், சாக்கெட் உங்களுக்கே, எங்களுக்கு வேண்டாம் என்றேன்.

"போடுதேம்மா. ஆனா சாவுன்னு வாயால சொல்ல மாட்டேன். பெட்டி கெளம்புது, இன்ன ஊருன்னுதாம் சொல்லுவேன்."

"போதும்ணே."

"வண்டியில எடம் கம்மி. நாக்காலி, பெட்டி, சாமியானா துணி. உங்க பேட்டரி எத்தன பெருசு?"

எனக்கும் தெரியாது. ஒரு நாள் முழுக்கத் தாங்குகிற மாதிரி இன்னும் எதுவும் செய்யவில்லை. நாற்காலி அடுக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அந்த அளவுக்கு ஒன்று செய்ய வேண்டும். இசக்கியிடம் அளவு டேப் இருக்கிறது. நாளைக் காலை பந்தல்காரரின் வண்டியை அளக்கப் போகிறோம்.